மூணாவது டிவிஷனிலேயே முடிஞ்சுபோன மிட்ஃபீல்டர் தோத்தவரா?

6 அக்டோபர் 2025 | இடதுவிங்கர் கேட்டது

இங்கிலாந்து கால்பந்து கிளப் லூட்டன் டவுன் இன்னைக்கு மேனேஜர் மேட் புளூம்ஃபீல்டை அனுப்பிட்டாங்க. ஒன்பது மாசம்கூட முழுசா முடியல. எனக்கு ஆச்சரியமே இல்ல. நடு மைதானத்துல மிட்ஃபீல்டரா ஆடுன காலத்துலயே மூணாவது, நாலாவது டிவிஷனைத் தாண்டாத ஆளு. பதினெட்டு வருஷம் ஒரே சின்ன கிளப். சரக்கு இருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருக்க மாட்டானா? காந்தே கீழ் டிவிஷன்லேருந்து மேலே போகலையா? டெலி அல்லி போகலையா? இந்த மாதிரி ஆட்டக்காரங்களைத் தோத்தவங்கன்னு சொல்ல ஏன் எல்லாரும் கூச்சப்படுறீங்க?

7 அக்டோபர், இரவு 11.40 | சென்டர்ஹாஃப்

சோறு ஆறிக்கொண்டிருக்கிறது, பரவாயில்லை, எழுதிவிட்டுச் சாப்பிடுகிறேன்.

மேனேஜராக அவர் லூட்டனில் சரிப்படவில்லை. அதில் சண்டை போட வரவில்லை. ஜனவரியில் போனார், மே மாதம் கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் பிராமிடம் 5-3 தோற்று கிளப் மூன்றாம் டிவிஷனான லீக் ஒன்னுக்கு இறங்கியது. முந்தின வருடம்தான் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்தவர்கள், உருண்டுகொண்டிருந்த பாறையில் இவர் ஏறி உட்கார்ந்தார் என்றும் சொல்லலாம். அதை விடுங்கள்.

"எவனாவது தூக்கிட்டுப் போயிருக்க மாட்டானா" என்ற அந்த வரிதான் உறுத்துகிறது. ஆளைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஃபெலிக்ஸ்டோ என்ற துறைமுக ஊர். 1984-இல் பிறந்தவர். இப்ஸ்விச் கிளப்பில் வளர்ந்தார், அங்கே இடம் கிடைக்கவில்லை. 2003 டிசம்பரில், 19 வயதில், விக்கம் வாண்டரர்ஸுக்கு வந்தார். கூப்பிட்டவர் அப்போது அங்கே மேனேஜராக இருந்த டோனி ஆடம்ஸ், ஆர்சனலின் பழைய கேப்டன். அதன்பின் 2022 பிப்ரவரி வரைக்கும் வேறு சட்டையே போடவில்லை. 550-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மூன்று தடவை மேலே ஏறி, மூன்று தடவை கீழே இறங்கிய கிளப் அது.

தெரியாதவர்களுக்கு: பிரீமியர் லீக்கில் 20 கிளப். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, மூன்றிலும் தலைக்கு 24. ஆக 92. அந்த மூன்று டிவிஷனிலும் வருடத்துக்கு 46 லீக் ஆட்டம், கோப்பைகள் தனி. சனிக்கிழமை ஆடிவிட்டு செவ்வாய் ராத்திரி மறுபடியும். மழை, சேறு, நாலு மணி நேர பஸ்.

அந்த 92-க்குள் பதினெட்டு வருடம் ஒருத்தன் சம்பளம் வாங்கியிருக்கிறான். தோத்தவன் செய்கிற வேலையா இது?

8 அக்டோபர், காலை 8.05

ரயிலில் விரல் விட்டு எண்ணினேன். நேற்று தப்பாக எழுதிவிட்டேன். மூன்று இல்லை, நாலு. இறங்கியது 2004, 2010, 2012, 2021. ஏறியது 2009, 2011, 2018, 2020. அவர் வந்து ஆறு மாதத்துக்குள்ளேயே முதல் இறக்கம். அதை விட்டுவிட்டேன். நாலு ஏணி, நாலு பாம்பு. பரமபதக் கட்டத்தில் தாயக்கட்டையாகவே வாழ்ந்திருக்கிறார் மனிதர்.

இன்னொரு திருத்தம், இது இடதுவிங்கருக்கு. "மூணாவது டிவிஷனைத் தாண்டாத ஆளு" என்பதும் தப்பு. 2020-21 சீசனில் விக்கம் சாம்பியன்ஷிப்பில் இருந்தது, அங்கேயும் ஆடியிருக்கிறார். அப்போது வயது 36, 37. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கிளப்பையே தோளில் போட்டுக்கொண்டு மேலே போனார் என்று எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், சினிமா வசனம் மாதிரி இருக்கிறது.

8 அக்டோபர், இரவு

இவ்வளவு பேசுகிறாயே, நீ என்ன விக்கம்காரனா என்று தனிச்செய்தியில் ஒருவர். இல்லை. லண்டன் வெம்ப்ளியில் வீடு, பெரம்பூரில் பிறப்பு. பிரீமியர் லீக் டிக்கெட் நமக்குக் கட்டாது. பையன் சின்னவனாக இருந்தபோது அவனைக் கூட்டிப்போக மலிவாக ஒரு மைதானம் தேடினேன். வெம்ப்ளி ஸ்டேடியம் ஸ்டேஷனில் ஏறினால் அதே லைனில் விக்கம் கிளப்பின் ஊர், ஹை விக்கம். அப்படித்தான் பழக்கம்.

விக்கமின் மைதானமான ஆடம்ஸ் பார்க் ஒரு தொழிற்பேட்டையின் முடிவில் இருக்கிறது. போக வர ஒரே ரோடு. ஆட்டம் முடிந்து கார் எடுத்தால் முக்கால் மணி நேரம் நகராது, ஒரு தடவை எனக்குப் பின்னால் நின்றவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்கியே போனார். மைதானத்துக்குப் பக்கத்தில் மரங்கள் அடர்ந்த குன்று. மேலே பருந்துகள் வட்டமிடும். ஸ்பெயினிலிருந்து 1989-க்கு அப்புறம் கொண்டுவந்து அந்த மலைப்பகுதியில் விட்டு வளர்த்த இனம். ஆட்டம் போரடித்தால் பையன் மேலே பார்த்து எண்ணுவான். ஒரு 0-0 ஆட்டத்தில் 11 எண்ணினான்.

ஊருக்குப் பழைய தொழில் நாற்காலி செய்வது. அதனால் டீமுக்குச் செல்லப் பெயர் நாற்காலிப் பையன்கள். நம்ம ஊரில் இந்தப் பெயர் வைத்தால் அடுத்த எலெக்‌ஷனில் கூட்டணிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

9 அக்டோபர்

விஷயத்துக்கு வருகிறேன். காந்தே, டெலி அல்லி என்று பெயர் சொல்வது சுலபம். காந்தே பிரான்சின் மூன்றாம் டிவிஷனில் ஆடியவர், 2016-இல் லெஸ்டரோடு லீக் சாம்பியன், 2018-இல் உலகக் கோப்பை. டெலி அல்லி லீக் ஒன்னிலிருந்த எம்.கே. டான்ஸிலிருந்து 2015-இல் டாட்டன்ஹாமுக்குப் போனார். சரி. ஆனால் அவர்களோடு அதே புல்லில் ஓடிய மீதிப்பேர் என்ன ஆனார்கள்? பாதிப்பேர் 23, 24 வயதில் ஆட்டத்தைவிட்டே போயிருப்பார்கள். ஒன்று நட்சத்திரம், இல்லையென்றால் காலி என்று இரண்டே கட்டம் போட்டு வைத்திருக்கிறோம். நடுவில் ஒரு தொழில் இருப்பது கண்ணில் படுவதில்லை.

அந்தத் தொழிலின் முக்கியமான தேதி ஜூன் 30. கான்ட்ராக்ட் முடிகிற நாள். மே மாதம் சீசன் முடிந்ததும் கிளப் ஒரு பட்டியல் விடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம். கீழ் டிவிஷன்களில் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம்தான் கான்ட்ராக்ட். அதாவது ஒவ்வொரு கோடையிலும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு கோடையில் பரீட்சை. கேள்வித்தாள் எடுக்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார்.

விக்கமில் அவர் காலத்தில் மேனேஜர்கள்: டோனி ஆடம்ஸ், ஜான் கோர்மன், பால் லாம்பர்ட், பீட்டர் டெய்லர், கேரி வாடக், கேரத் எய்ன்ஸ்வொர்த். ஆறு பேர், இடைக்கால ஆட்கள் தனி. லாம்பர்ட் யார் தெரியுமா? 1997-இல் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த இறுதி ஆட்டத்தில் ஜிடானை ஒட்டிக்கொண்டு திரிந்த மிட்ஃபீல்டர். அவர் முன்னால் தினமும் காலையில் மிட்ஃபீல்டராகப் பயிற்சி எடுப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

புது மேனேஜர் வந்தால் தன் ஆட்களைக் கூட்டிவருவது வழக்கம். ஆடம்ஸுக்குப் பின் ஐந்து தடவை மேஜையைக் கவிழ்த்தும் கீழே விழாத டம்ளர் இவர்.

11 அக்டோபர்

"லட்சக்கணக்கில் பவுண்டு வாங்குகிறவனுக்கு என்ன பரிதாபம்" என்று ஒருவர். கணக்கு போடுவோம். 2020 ஆகஸ்டில் லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்குச் சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். லீக் ஒன்னுக்கு வருடம் 25 லட்சம் பவுண்டு, லீக் டூவுக்கு 15 லட்சம். ஆட்டக்காரர் சங்கம் நடுவர் குழுவிடம் வழக்காடி, 2021 பிப்ரவரியில் அது ரத்தானது. ரத்தானாலும் அந்த எண் நமக்கு உதவும். 15 லட்சத்தை 22 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 68,000 சொச்சம், வரிக்கு முன்னால். வாரத்துக்கு 1,300. அதிலேயே கோல் அடிக்கிறவனுக்கு ஒரு பங்கு கூடப் போய்விடும்.

ஏழை என்று சொல்ல மாட்டேன். என் ஐ.டி. சம்பளத்தைவிட மோசமில்லை. ஆனால் என் முட்டி போனாலும் நான் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதலாம்.

13 அக்டோபர்

பார்த்தீர்களா, கதை எழுதினால்கூட இப்படி எழுத மாட்டார்கள். புளூம்ஃபீல்ட் இடத்துக்கு லூட்டன் கொண்டுவந்திருப்பது ஜாக் வில்ஷியர்!

சின்னவர்களுக்காக: 16 வயதில் ஆர்சனல் சட்டை. 2011-இல் பார்சலோனா வந்தபோது ஷாவி, இனியெஸ்டா எதிரில் 19 வயசுப் பையன் ஆடிய ஆட்டம் இன்னும் பேசப்படுகிறது. இங்கிலாந்துக்கு 34 ஆட்டம். அப்புறம் கணுக்கால், கணுக்கால், மறுபடி கணுக்கால். கடைசியில் டென்மார்க்கில் ஆடி, 2022 ஜூலையில் 30 வயதில் நிறுத்தினார்.

இரண்டு மிட்ஃபீல்டர்களும் ஒரே வருடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒருத்தர் ஆர்சனலுக்கு ஆடியது ஏறத்தாழ 200. இன்னொருத்தர் விக்கமுக்கு 550-க்கு மேல். இதை வைத்து இவர் பெரியவர் என்று சொல்லவில்லை, நான் கிறுக்கன் இல்லை. வில்ஷியர் பந்தை வாங்கித் திரும்புகிற ஒரு திருப்பத்துக்கு மற்றவர் ஒரு சீசன் கொடுப்பார். ஆனால் இடதுவிங்கர், உங்கள் அளவுகோல்படி இந்த இரண்டு பேரில் யார் தோத்தவர்? "மேலே போனானா" என்று மட்டும் கேட்டால் ஒரு பதில் வரும். "எத்தனை சனிக்கிழமை ஆடினான்" என்று கேட்டால் வேறு பதில்.

14 அக்டோபர்

இடதுவிங்கர் பதில் போட்டிருக்கிறார்: "ஆட்டோகிராஃப் யாரிடம் வாங்குவீர்கள்?" வில்ஷியரிடம்தான். ஒப்புக்கொள்கிறேன். செல்ஃபியும் எடுப்பேன்.

16 அக்டோபர்

ஜூன் 30 பற்றி எழுதியபோது சொல்ல விட்டது. கான்ட்ராக்ட் முடிந்தால் ஆட்டக்காரன் சும்மா கிளம்பிப் போகலாம் என்பதே ஒரு மிட்ஃபீல்டர் கொடுத்த விலை. ஜான்-மார்க் போஸ்மன். பெல்ஜியத்தில் லியேஜ் கிளப். 1990-இல் கான்ட்ராக்ட் முடிந்தது. பிரான்சில் இரண்டாம் டிவிஷன் டன்கர்க் கூப்பிட்டது. லியேஜ் விடவில்லை. கான்ட்ராக்ட் முடிந்த ஆளை வேறு கிளப் எடுத்தாலும் பழைய கிளப் அப்போது அவருக்கு விலை கேட்கலாம். "இங்கேயே இருக்கிறதானால் நாலில் ஒரு பங்கு சம்பளம்" என்றார்கள். வழக்கு போட்டார். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு 1995 டிசம்பர் 15. அதற்குள் அவர் ஆட்டம் முடிந்துவிட்டது. அந்தத் தீர்ப்பால் கோடீஸ்வரன் ஆனவர்கள் எல்லாரும் வேறு ஆட்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, பஸ்ஸில் வரும்போது தோன்றியது. ஆட்டக்காரன் சும்மா போகலாம் என்றால் கிளப்பும் சும்மா அனுப்பலாம். நட்சத்திரத்துக்கு அது கதவு. லீக் டூ மிட்ஃபீல்டருக்கு அது பெரும்பாலும் வாசல்படி, வெளிப்பக்கம்.

19 அக்டோபர், ஞாயிறு

மிட்ஃபீல்டர் கீழ் டிவிஷனில் என்னதான் செய்கிறான் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நேற்றே பார்த்துவிட்டு வந்தேன், புளூம்ஃபீல்டை இல்லை, என் பையனை. 21 வயது. வாரத்தில் அஞ்சு நாள் எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்கிறான், சனிக்கிழமை, மேலேயிருந்து எண்ணினால் ஒன்பதாவது மட்டத்தில் ஆடுகிறான். ஆட்டத்துக்கு 40 பவுண்டு, அதில் பெட்ரோல் போக மீதி சிப்ஸ்.

முதல் பாதி முழுக்க பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்தேன். கோல்கீப்பர் பந்தைத் தூக்கி நடு மைதானத்துக்கு உதைக்கிறான். நெட்டையாக ஒருத்தனும் நெட்டையாக இன்னொருத்தனும் எம்பி மோதுகிறார்கள். அந்த மோதல் பையனுக்குச் சம்பந்தமில்லை. அது எங்கே விழும் என்பதுதான் அவன் வேலை. இரண்டாவது பந்து என்பார்கள் இங்கே. மோதுவதற்கு முன்னாலேயே ரெண்டு எட்டு இடது பக்கம் நகர்ந்திருப்பான். பந்து விழுவதற்குள் கழுத்து ஒரு தடவை வலது, ஒரு தடவை இடது. பின்னால் யார் இருக்கிறான் என்று பார்த்துவிட்டான். பந்து வந்தது, ஒரே தட்டு, பக்கத்து ஆளிடம் போச்சு. கைதட்டல் இல்லை. மறுபடி கோலி, மறுபடி மோதல், மறுபடி ரெண்டு எட்டு.

இப்படி எட்டுத் தடவை சரியாக நின்றான். ஒன்பதாவது தடவை தப்பாக நின்றான், அவர்கள் கோல் அடித்தார்கள். பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் "நாலாம் நம்பர் தூங்குறான்" என்றார். நாலாம் நம்பர் என் பையன். நான் தெர்மாஸைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டேன்.

அந்த எட்டைச் செய்யத்தான் சம்பளம். ஒன்பதாவதுதான் பேச்சு.

21 அக்டோபர்

தீபாவளிக்கு அம்மாவோடு பேசும்போது மாமா பேச்சு வந்தது. மாமாவும் ஹாஃப் ஆடியவர்தான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மிட்ஃபீல்டர் என்று யாரும் சொன்னதில்லை. ஃபார்வர்டு, ஹாஃப், பேக், கோலி. என் பெயர்க்காரணமும் அதுதான்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இல் சேர்ந்தார். காலையில் ஷாப்பில் கையெழுத்து, மதியம் பிராக்டிஸுக்கு அனுமதி, சென்னை லீக் சீசனில் கம்பெனிக்கு ஆட்டம். 29 வயதில் முட்டி போச்சு. அப்புறமும் 60 வரைக்கும் வேலை, இன்றைக்கும் பென்ஷன். காலை நொண்டிக்கொண்டே போய் முதல் தேதி வாங்கிவருகிறார்.

ஒரு வகையில் நம்ம ஊர் ஹாஃபுக்கு இங்கிலாந்து லீக் டூ மிட்ஃபீல்டரைவிட நல்ல கான்ட்ராக்ட். ஆனால் மாமாவைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஆட்டத்துக்கு யாருடா காசு குடுத்தாங்க? வேலைக்குக் குடுத்தாங்க" என்பார். அவருக்கு அது இன்று வரை ஒரு சின்ன குறை. புளூம்ஃபீல்டுக்கு ஆட்டத்துக்கே காசு கொடுத்தார்கள்.

23 அக்டோபர்

விக்கம் என்றதும் ரெண்டு பேர் "டெலிடெக்ஸ்ட் ஆள்தானே" என்று கேட்டுவிட்டார்கள். ஆமாம், அது ராய் எஸ்ஸாண்டோ. 2001 எஃப்.ஏ. கோப்பை காலிறுதிக்கு முன்னால் விக்கமின் ஃபார்வர்டுகள் எல்லாருக்கும் அடி. ஆள் வேண்டும் என்று கிளப் இணையதளத்தில் போட்டது, டி.வி.யில் செய்திகளை எழுத்தாகக் காட்டிய டெலிடெக்ஸ்டில் வந்து, அதைப் பார்த்து ஒரு ஏஜென்ட் அனுப்பிவைத்த ஆள். போய் லெஸ்டருக்கு எதிராகக் கடைசி நேரத்தில் தலையால் வெற்றி கோல்! அரையிறுதியில் லிவர்பூலிடம் 2-1 தோற்றார்கள்.

எஸ்ஸாண்டோ அங்கே இருந்தது சில மாதம். 24 வருடமாக அந்த ஒரு கோலைச் சொல்கிறோம். பதினெட்டு வருடம் இருந்தவரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கோல் ஞாபகம் வரவில்லை. ஃபார்வர்டாகப் பிறந்திருக்க வேண்டும்.

23 அக்டோபர், கொஞ்சம் கழித்து

கோல் என்றதும் இன்னொன்று. 2009-இல் விக்கமும் பரி என்ற கிளப்பும் தலா 78 புள்ளி. விக்கம் மேலே போனது ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில். 46 ஆட்டம், பத்து மாதம், கடைசியில் ஒரு கோல். 2014-இல் அதே மாதிரி கீழ்ப்பக்கம்: கடைசி நாள் டார்கீயில் 3-0 ஜெயித்து, பிரிஸ்டல் ரோவர்ஸோடு சமபுள்ளியில் நின்று, கோல் வித்தியாசத்தில் தப்பித்தார்கள். தப்பியிராவிட்டால் 92-இலிருந்தே வெளியே. 2021-இல் பாம்பு கொத்தியது, டெர்பிக்கு 44 புள்ளி, விக்கமுக்கு 43, இறங்கினார்கள்.

பரி ரெண்டு வருடத்தில் மேலே வந்துவிட்டது, அந்தக் கோலுக்காக அழ வேண்டாம். அழ வேண்டியது 2019 ஆகஸ்ட்: பணப் பிரச்சினையில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 1894-லிருந்து லீக்கில் இருந்த கிளப். அந்த ஆகஸ்டில் அங்கே கான்ட்ராக்டில் இருந்த மிட்ஃபீல்டர்களுக்கு ஜூன் 30-ம் இல்லை, ஒன்றும் இல்லை.

25 அக்டோபர், இரவு

பையனுக்கு இன்றைக்குத் தலையில் அடி. கார்னரில் எதிராளியின் மண்டையும் இவன் மண்டையும். நினைவு தப்பவில்லை. எழுந்து நின்று "ஸ்கோர் என்னப்பா" என்று கேட்டான். சொன்னேன். ரெண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான். வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தாச்சு, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது தூங்குகிறான். நான் அரை மணிக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்க்கிறேன். இன்றைக்கு விவாதம் இல்லை.

27 அக்டோபர்

விசாரித்தவர்களுக்கு நன்றி. தலைவலி இருக்கிறது, வெளிச்சம் கூசுகிறது, மற்றபடி சாப்பிடுகிறான்.

முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. புளூம்ஃபீல்ட் ஏன் நிறுத்தினார் என்று. வயது 38 கிட்ட, அதனால் என்று எல்லாரும் நினைத்திருப்பீர்கள். தலையில் பட்ட அடியால்தான் நிறுத்தினார். கிளப் கழற்றிவிடவில்லை, கால் போகவில்லை. 550 ஆட்டத்துக்கு மேல் தாங்கிய உடம்பில் மூளைதான் முதலில் போதும் என்றது.

2002-இல் ஜெஃப் ஆஸ்டில் என்ற பழைய வெஸ்ட் பிராம் ஆட்டக்காரர் இறந்தபோது விசாரணை அதிகாரி, பந்தைத் தலையால் முட்டி முட்டி வந்த "தொழில்நோய்" என்று பதிவு செய்தார். பஞ்சாலையில் நுரையீரல் போகிற மாதிரி. 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு: பழைய தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. 2021-லிருந்து இங்கே பயிற்சியில் பந்தைத் தலையால் பலமாக முட்டுகிற ஹெட்டர் வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டல்.

இப்போது 19-ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். கோலி உதைக்கிறான், இரண்டு பேர் எம்பி மோதுகிறார்கள், மறுபடி, மறுபடி. எவ்வளவு ரசித்து எழுதியிருக்கிறேன். கீழ் டிவிஷன் ஆட்டம் என்றால் பந்து காற்றில் கிடக்கிற நேரம்தான் அதிகம்.

2 நவம்பர்

இடதுவிங்கர் தனிச்செய்தியில் பையனை விசாரித்தார். நல்ல மனிதர், கருத்துதான் தப்பு. கூடவே ஒரு கேள்வி: "உங்கள் பையன் விஷயம்தான் இந்த இழை முழுக்க ஓடுகிறது, இல்லையா?"

சரி, சொல்லிவிடுகிறேன். பையன் ஒன்பது வயதிலிருந்து ஒரு கிளப்பின் அகாடமியில் இருந்தான், பெயர் வேண்டாம். வாரத்துக்கு நாலு நாள், நான் வேலையிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு போவேன், கார் பின்சீட்டில்தான் அவன் ஹோம்வொர்க், இட்லி எல்லாம். 15 வயதில் ஒரு டிசம்பர் மாலை எங்களை உட்கார வைத்து ஆறு நிமிடம் பேசினார்கள். நடுவில் ஆடுகிற பையன்கள் அவர்களிடம் நிறைய இருக்கிறார்களாம். திரும்பும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் "இனிமே செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஃப்ரீப்பா" என்றான்.

அதன்பிறகு ரொம்ப நாள் நான் ஆடம்ஸ் பார்க் பக்கமே போகவில்லை. 2020 ஜூலை 13, திங்கள், மேலே ஏறுவது யார் என்று முடிவாகிற லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம், விக்கமும் ஆக்ஸ்ஃபோர்டும். கொரோனா காலம். சீசனைப் பாதியில் நிறுத்தி, ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று சராசரி போட்டதில் எட்டாம் இடத்திலிருந்த விக்கம் மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது. வெம்ப்ளி ஸ்டேடியம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மற்ற நாளில் கோல் விழுந்தால் சமையலறை வரைக்கும் சத்தம் கேட்கும். அன்றைக்கு 90,000 நாற்காலியும் காலி. விக்கமின் ஜேக்கப்சன் அடித்த பெனால்டி உள்ளே போனபோது டி.வி.யில் பார்த்தேன், ஜன்னல் திறந்துதான் இருந்தது, வெளியே ஒரு சத்தமும் இல்லை. 2-1. கிளப் தொடங்கி 133 வருடத்தில் முதல் தடவை இரண்டாம் டிவிஷன். 36 வயசு புளூம்ஃபீல்ட் நடுவில் ஆடினார். பையன் மாடியிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்று பார்த்திருக்கிறான், எனக்குத் தெரியாது. "அவரும் ரிலீஸ் ஆனவர்தானே?" என்று கேட்டான். அடுத்த வாரம் பழைய பூட்ஸைத் தேடினான். சின்னதாகிவிட்டிருந்தது.

ஆக, ஆமாம். அந்த மனிதரைத் தோத்தவர் என்றால் எனக்குக் கோபம் வருவதற்குக் கால்பந்து மட்டும் காரணம் இல்லை.

3 நவம்பர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அவரும் ரிலீஸ் ஆனவர்தானே" என்பதற்கு நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இப்ஸ்விச் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிற வரை வைத்திருந்தது, 19-இல் போனார். 15-இல் அனுப்புவது வேறு. பையனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

14 நவம்பர்

நாளைக்குச் சனிக்கிழமை. தலையில் அடிபட்டவன் 21-ஆவது நாளுக்கு முன்னால் போட்டியில் இறங்கக் கூடாது என்பது இங்கே அடிமட்ட விளையாட்டுக்கு வழிகாட்டல். எங்கள் வீட்டில் மூன்று நாளாக இதே பஞ்சாயத்து. அடிபட்டது அக்டோபர் 25. அந்த நாளை ஒன்று என்று எண்ணினால் இன்றைக்கே 21. பூஜ்யம் என்று எண்ணினால் நாளைக்கு. எப்படி எண்ணினாலும் நாளைக்கு ஆடலாம் என்கிறான். போன வாரத்திலிருந்து தலைவலி இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார். கோச்சிடம் பெயர் கொடுத்தாச்சு, பூட்ஸ் துடைத்து வாசலில் வைத்தாச்சு.

என் மனைவி காலண்டரை எடுத்து அடுத்த சனிக்கிழமையில் பேனாவால் ஒரு வட்டம் போட்டு ஃபிரிட்ஜ் மேல் மாட்டிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பையன் என்னைப் பார்த்தான். நான் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன்.